சர்க்கரை 180தான், பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது?

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள், சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சவிடாமல் சிறுநீரோடு வெளியேற்றுகின்றன. அந்த இனிப்பில் பூஞ்சை வளர்ந்து பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம்; பெரும்பாலும் களிம்பிலேயே அடங்கிவிடும்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. இம்மாத்திரை எடுப்பவருக்கு வாந்தி, காய்ச்சல், பட்டினி வேளையில் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும்; அதனால்தான் மூச்சு வாங்கும். சர்க்கரை சிறுநீரில் வெளியேறிவிடுவதால் குளுக்கோமீட்டரோ 180 என்றுதான் காட்டும்! நோயாளி ஏமாறுவார், சில சமயம் மருத்துவரும்தான். கீட்டோன் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

ஆனால் இது அரிது. மறுபக்கம், எம்பாகிளிஃப்ளோசினைச் சோதித்து 2015-இல் வெளியான எம்பா-ரெக் ஆய்வில், ஏற்கெனவே இதயநோய் இருந்த சர்க்கரை நோயாளிகளிடம் இதய, ரத்தநாள நோய் மரணங்கள் 38 சதவீதம் குறைந்தன. என் கணிப்பில் அவர்களுக்கு நன்மையே அதிகம். சாப்பிட முடியாத நாளிலும், அறுவை சிகிச்சைக்கு 3 நாள் முன்பும் மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.