ஐந்து சோறும் ஆறாவது எண்ணும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அடுக்களைக்கு அது நல்ல விதி. எண்களின் உலகில் அது செல்லுபடி ஆகுமா? இதற்கு விடை சொல்லும் எண் ஒன்றை நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறேன். 429,49,67,297 என்பதே அந்த எண். சொல்லிப் பார்த்தால் நானூற்று இருபத்தொன்பது கோடிக்கும் மேலே போகும்.

பிரெஞ்சு நாட்டில் துலூஸ் நகரில் பெர்மா என்றொரு சட்ட அறிஞர் இருந்தார். கணிதம் அவருக்கு ஓய்வு நேர இன்பம். 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், கிடைத்ததோடு 1 கூட்டினார். 3, 5, 17, 257, 65537 என ஐந்து எண்கள் வந்தன. ஐந்தும் பகா எண்கள். அதாவது, தன்னையும் 1-ஐயும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை. இவ்வரிசை முழுவதுமே பகா எண்கள்தாம் என்று 1640-இல் அவர் நம்பி எழுதினார். ஐந்து சோறு பதம் பார்த்தாயிற்று அல்லவா!

ஆறாவது எண்தான் நம் கதாநாயகன்: 2³² + 1. 1732-இல் ஆயிலர் என்ற சுவிட்சர்லாந்துக் கணித மேதை இதனை உடைத்துக் காட்டினார்.

641 × 6700417 = 4294967297

பெருக்கிச் சரிபார்க்கலாம். ஆனால் பெருக்காமலே காணும் வழி ஒன்று உண்டு. அதன் அழகுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

641 என்பது 640 + 1. எந்த எண்ணின் நான்காம் அடுக்கிலிருந்தும் 1-ஐக் கழித்தால், அந்த எண்ணோடு 1 கூட்டி வருவதால் அது வகுபடும் என்பதை நாம் பள்ளி இயற்கணிதத்திலேயே படித்தோம். ஆகவே 640⁴ − 1 என்பது 641-ஆல் வகுபடும். 640 = 5 × 2⁷ ஆதலால், 5⁴ × 2²⁸ − 1 வகுபடும் என்றே பொருள்.

இனி 641-ஐ வேறு விதமாக எழுதுவோம்: 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. இதை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³² வரும். இதுவும் 641-ஆல் வகுபடும். இதிலிருந்து முன்னதைக் கழியுங்கள். எஞ்சுவது 2³² + 1. வகுபடும் இரண்டின் வேறுபாடும் வகுபடத்தானே வேண்டும்!

இது வெறும் விளையாட்டன்று. 1796-இல் காஸ் என்ற பதினெட்டு வயது இளைஞர், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்கங்கள் உடைய ஒழுங்கான உருவம் வரைய முடியும் என்று நிறுவினார். பகா எண்ணான பக்கங்களுள் எவற்றுக்கு இது இயலும் என்பதைத் தீர்மானிப்பது பெர்மாவின் வரிசையே. ஆறாவது எண் முதல் தொடர்ந்து இருபத்தெட்டு எண்கள் பகு எண்கள் என்று இன்று நிறுவப்பட்டுள்ளன. அந்த ஐந்தைத் தவிர ஆறாவதாக ஒரு பகா எண் இவ்வரிசையில் இதுவரை அகப்படவில்லை.

பெர்மா மாபெரும் மேதை, அதில் ஐயமில்லை. ஆயினும் சொன்னவரின் பெருமை நிரூபணம் ஆகாது. ஐந்து எடுத்துக்காட்டுகளும் ஆகா. ஆராய்ச்சிக்கூடத்திலும், நூலகத்திலும், தேர்தல் மேடைக்கு எதிரிலும் நிற்கப் போகும் நாம் ஆறாவது எண்ணையும் கேட்கப் பழகுவோமாக.