பள்ளிக்கூடத்தின் தூரமும் பெண்களின் படிப்பும்

கிராமத்துக் குழந்தைகளின் படிப்புக்கு இடையூறு யாதெனக் கேட்டால், பெரும்பாலோர் பள்ளிச் சம்பளத்தையும் புஸ்தகச் செலவையுமே முதலில் குறிப்பிடுவர். சம்பளத்தை எடுத்துவிட்டால் ஏழைக் குழந்தைகளும் செல்வர் குழந்தைகளும் சரிசமானமாகப் படித்து முன்னேறுவர் என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் முழுவதும் சரியன்று. கடன் வாங்குகிற அங்கத்தினருக்கு வட்டி மாத்திரமா செலவு? பத்திரத்திற்கும் சாட்சிகளுக்குமாக டவுனுக்கு நடக்கிற நடையும், அந்த நாட்களில் இழக்கும் கூலியும் செலவேயாம். பள்ளிக்கூடமும் அவ்வாறே. தூரம் என்பது ரசீது கொடுக்காமல் வசூலிக்கப்படும் ஒரு சம்பளம். அன்றியும், அது எல்லோரிடமும் ஒரே விகிதத்தில் வசூலாவதில்லை. மூன்று மைல் நடந்து படிக்கப் பையனை அனுப்பத் தயங்காத தகப்பனார், அதே பாதையில் பதினான்கு வயதுப் பெண்ணை அனுப்ப இசைவதில்லை. வழியில் தோப்பும் ஓடையும் உள்ளன. திரும்பி வர அந்தியாகிறது. வீட்டில் தண்ணீர் எடுக்கவும் தம்பி தங்கையரைப் பார்க்கவும் ஆள் வேண்டியிருக்கிறது. ஊரார் பேச்சுக்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் ஆரம்பப் பாடசாலைகள் பெரும்பாலும் ஊருக்குள்ளேயோ அடுத்த ஊரிலோ அமைந்துள்ளன. உயர்தரப் பாடசாலையோ அவ்வாறு எல்லா ஊரிலும் இருக்க இயலாது. 2009-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் ஆரம்பித்த இடைநிலைக் கல்வித் திட்டமும், ஒவ்வொரு குடியிருப்புக்கும் 5 கிலோ மீட்டருக்குள், அதாவது சுமார் மூன்று மைலுக்குள், ஓர் உயர்தரப் பாடசாலை என்பதையே இலக்காகக் கொண்டது. ஆகவே 8-வது வகுப்பு முடிந்து 9-வது வகுப்பில் சேரும் இடத்திலேதான் பெண்களின் படிப்பு அறுந்துபோகிறது. வாய்க்காலில் உடைப்பு எங்கே என்று தெரியாமல் கரை முழுவதும் மண் கொட்டுவதில் பயனில்லை.

இவ்விஷயத்தில் பீஹார் ராஜ்யத்தில் நடந்த ஒரு முயற்சி நமது கிராமவாசிகள் அறிந்துகொள்ளத் தக்கது. பெண் கல்வியில் அந்த ராஜ்யம் மிகவும் பின்தங்கியிருந்தது. 2001-ஆம் வருஷத்து ஜனக்கணக்குப்படி, இந்தியா முழுவதிலும் பெண்களில் நூற்றுக்குச் சுமார் 54 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவராயிருக்க, பீஹாரில் அத்தொகை 33 மாத்திரமே. 2006-ஆம் வருஷத்தில் அந்த ராஜ்யத்துச் சர்க்கார், 9-வது வகுப்பில் சேரும் பெண் ஒவ்வொருவருக்கும் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினர். உத்தியோகஸ்தர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடிய கூட்டத்தில், பள்ளிக்கூடத்திலேயே, இத்தொகை கொடுக்கப்பட்டது. பத்துப் பேர் பார்க்கக் கொடுக்கப்பட்ட பணத்தை வேறு செலவுக்குத் திருப்புவது எளிதன்று. பொதுச்சபையில் கணக்கு வாசிப்பதன் பயனை அறிந்த சங்க அங்கத்தினர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்திட்டத்தால் உண்மையில் பலன் விளைந்ததா என்பதைக் கார்த்திக் முரளீதரன், நிஷித் பிரகாஷ் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட முறை நமது விவசாயிகளுக்குப் புதியதன்று. புதிய எரு ஒன்றின் குணத்தை அறிய விரும்புவோன், எரு இட்ட வயலின் விளைவை மாத்திரம் பார்த்துத் திருப்தியடைவதில்லை. அவ்வருஷம் மழை நன்றாகப் பெய்ததனால் விளைவு பெருகியிருக்கலாமல்லவா? ஆகவே அதே மண்ணில், அதே மழையில், எரு இடாத வயல் ஒன்றையும் வைத்து ஒப்பிடுகிறான். பீஹாரிலும் 2005-க்குப் பின் பாதைகள் செப்பனிடப்பட்டன. உபாத்தியாயர்கள் புதிதாக நியமிக்கப்பட்டனர். ஜனங்களின் வருமானமும் உயர்ந்தது. பெண்கள் அதிகமாகச் சேர்ந்ததற்கு இவையே காரணம் என்று ஒருவர் வாதிக்கக்கூடும்.

ஆனால் இவையெல்லாம் பையன்களுக்கும் பொதுவானவை. சைக்கிளோ தொடக்கத்தில் பெண்களுக்கு மாத்திரமே உரியது. ஆகவே முதலாவதாகப் பெண்களைப் பையன்களோடு ஒப்பிட்டனர். இரண்டாவதாக, 2000-ஆம் வருஷம் நவம்பர் வரை பீஹாரோடு ஒன்றாயிருந்து பிரிந்த ஜார்க்கண்டு ராஜ்யத்தை எரு இடாத வயலாகக் கொண்டனர். மூன்றாவதாக, திட்டம் வருமுன்பே 9-வது வகுப்பு வயதைக் கடந்துவிட்ட பெண்களையும் கணக்கில் சேர்த்தனர். இவ்வளவும் கழித்துப் பார்த்தபின் மிஞ்சிய பலனையே சைக்கிளின் கணக்கில் வரவு வைத்தனர்.

அவர்கள் கண்ட முடிவு இது: திட்டம் இல்லாதிருந்தால் 100 பெண்கள் உயர்தர வகுப்பில் சேர்ந்திருக்கக்கூடிய இடத்தில் 132 பேர் சேர்ந்தனர். பையன்களுக்கும் பெண்களுக்கும் இவ்விஷயத்தில் இருந்த வித்தியாசத்தில் நூற்றுக்கு 40 பங்கு குறைந்தது. இவற்றிலும் முக்கியமானது மற்றொன்று. பள்ளிக்கூடம் அருகிலிருந்த ஊர்களில் பலன் சொற்பமே. 3 கிலோ மீட்டரும் அதற்கு மேலும் தூரமுள்ள ஊர்களிலேதான் பெண்கள் பெருவாரியாகச் சேர்ந்தனர். இலவசப் பொருளுக்கு ஆசைப்பட்டே பெண்கள் வந்தனர் என்றால், அருகிலுள்ள ஊரிலும் தூரத்து ஊரிலும் ஒரே விதமாக வந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லையாதலால், தடையாயிருந்தது தூரமே என்பது தெளிவு.

அவ்வாறாயின் தூரத்து ஊராருக்கு மாத்திரம் கொடுத்திருக்கலாகாதா என்று சிக்கனம் விரும்புவோர் கேட்கக்கூடும். கணக்கின்படி அது சரியே. எனினும், யார் வீடு எத்தனை கஜத்தில் உள்ளது என்று அளக்க ஓர் உத்தியோகஸ்தரை அனுப்பினால், அளவுகோல் யார் பக்கம் நீளும் என்பதும் யோசிக்கத்தக்கது. எல்லோருக்கும் கொடுப்பதில் பணம் சிறிது விரயமாகலாம், தகராறு மிச்சமாகிறது.

பணமாகவே பெற்றோரிடம் கொடுத்திருந்தால் இதே பலன் விளைந்திருக்குமா? பெண்களின் படிப்புக்காகக் குடும்பங்களுக்குப் பணம் கொடுத்த வேறு திட்டங்களைக் காட்டிலும், செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் சைக்கிள் அதிகப் பலன் தந்ததாக அவ்வறிஞர்கள் மதிப்பிட்டுள்ளனர். காரணம் ஊகிக்கக் கூடியதே. பணம் குடும்பத்தின் பொதுச் செலவில் கரைகிறது. சைக்கிளோ ஒவ்வொரு நாளும் நடையை மிச்சப்படுத்துகிறது. ஒரு மணி நடை கால் மணியாகச் சுருங்கினால், வீட்டு வேலையும் நடக்கும், படிப்பும் நடக்கும். மேலும், ஒரு பெண் தனியே சைக்கிளில் போனால் ஊர் பேசும். இருபது பெண்கள் வரிசையாகப் போனால் யாரைப் பேசுவது? கூட்டமாகச் செல்வதில் பாதுகாப்பும் உண்டு.

இனி இக்கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அங்கத்தினர் தொகை பெருகியதைக் கொண்டே ஒரு சங்கம் நன்றாக நடக்கிறதென்று தணிக்கையாளர் எழுதிவிடுவதில்லை. கடன் திரும்பியதா என்று பார்க்கிறார். பள்ளிக்கூடத்திலும் சேர்ந்தவர் தொகை வேறு, கற்றவர் தொகை வேறு. பீஹாரில் 10-வது வகுப்பின் முடிவில் நடக்கும் பொதுப் பரீட்சையை எழுதிய பெண்களின் தொகை திட்டத்தினால் நூற்றுக்கு 18 வீதம் உயர்ந்தது. தேறிய பெண்களின் தொகை 12 வீதமே உயர்ந்தது. தேறினவர் தொகை உயர்ந்ததே பெரிய லாபந்தான். இத்திட்டம் இல்லாவிடின் அவர்களிற் பலர் பரீட்சை மண்டபத்தையே கண்டிரார். ஆயினும் சேர்க்கையிலிருந்து பரீட்சைக்கும், பரீட்சையிலிருந்து தேர்ச்சிக்கும் போகப் போகப் பலன் சிறுத்துக்கொண்டே வருவது கவனிக்கத்தக்கது. சைக்கிள் பெண்ணைப் பள்ளிக்கூட வாசல் வரையில் கொண்டுபோய் விடும். உள்ளே உபாத்தியாயர் இருக்கிறாரா, கீழ் வகுப்புகளில் கணக்கும் வாசிப்பும் சரியாகக் கற்பிக்கப்பட்டனவா என்பவை வேறு செலவையும் வேறு கவலையையும் வேண்டுவன. வாசலில் கிடைத்த வெற்றியை வகுப்பின் வெற்றியாக அறிக்கையில் எழுதிக்கொள்வது எந்தச் சர்க்காருக்கும் எளிது.

தமிழ்நாட்டிலும் சைக்கிள் வழங்குவது புதிதன்று. 2001-02-இல் ஆதி திராவிடர், பழங்குடி வகுப்புப் பெண்களுக்குத் தொடங்கி, 2005-06 முதல் சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் படிக்கும் இருபாலாருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் இங்கு அது 11-வது வகுப்பிலேயே கிடைக்கிறது. 9-வது வகுப்புக்கே வெளியூர் செல்ல வேண்டிய பெண்ணுக்கு, அந்த இரண்டு வருஷங்களுக்குள்ளேயே படிப்பு நின்றுவிட்டால், பின்னர் வரும் சைக்கிளால் பிரயோஜனம் இல்லை. பஸ் வசதியும் அருகில் உயர்தரப் பாடசாலையும் உள்ள ஊர்களில் இக்குறை பெரிதன்று. அவை இல்லாத ஊர்களில் பெரிதே.

அத்தகைய ஊர்களிலுள்ள சங்கங்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்திற்கு முன், 8-வது வகுப்பு முடித்த பெண்களின் ஜாபிதா ஒன்றைப் பஞ்சாயத்தார் தயாரித்து, அவர்களில் யார் 9-வது வகுப்பில் சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று வீடு வீடாக விசாரிக்கலாம். தூரமே காரணமாயிருப்பின், சைக்கிளுக்கென அப்பெண்ணின் பெற்றோருக்குச் சிறு கடன் ஒன்றை மாதத் தவணையில் கொடுக்கலாம். பொது நன்மை நிதி வைத்திருக்கும் சங்கங்கள், பழைய சைக்கிள்களை வாங்கிச் செப்பனிட்டு இரண்டு வருஷத்திற்கு இரவலாகக் கொடுத்து, 11-வது வகுப்பில் சர்க்கார் சைக்கிள் கிடைத்ததும் திரும்பப் பெற்று அடுத்த பெண்ணுக்குக் கொடுக்கலாம். டியூபு, டயர் பழுதுபார்க்கும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.