அறுபதில் ஒற்றைச் சக்கரம்

சர்க்கஸ் கோமாளி ஓட்டுவாரே, ஒற்றைச் சக்கர சைக்கிள்! அறுபது வயதில் அதைக் கற்கிறேன் என்றால் சிரிப்பீர்கள். 2001 பிப்ரவரி 28-ல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதும், தினமும் பெங்களூருக்கு ரயிலேறிப் பிழைத்தவர்களில் நானும் ஒருவன். ஓய்வு பெற்றபின் வீட்டில் முடங்கிவிடுவேனோ என்ற பயம்தான் என்னை இதில் ஏற்றியது.

பெடல் நேராகச் சக்கர அச்சில் பூட்டியிருப்பதால், மிதிப்பதை நிறுத்தினால் சக்கரமும் நின்றுவிடும். முன்னால் சாய்ந்தால் வேகமாகவும், பின்னால் சாய்ந்தால் மெதுவாகவும் மிதிக்க வேண்டும். இதற்கு 1984-லேயே உலகப் போட்டி தொடங்கிவிட்டது!

“இந்த வயசுல இடுப்பு ஒடிஞ்சா யார் பாக்கறது?” என்றாள் மனைவி. மூன்று வாரம் எங்கள் லைன் வீட்டுச் சுவரைப் பிடித்தே ஓட்டினேன். நேற்று சுவரை விட்டு ஒன்பது மிதி சென்றேன். எண்ணியது அவள்தான்.