பெரிய ரவையா, சின்ன ரவையா?

உங்கள் கையில் இரண்டு தோட்டாக்களைக் கொடுத்து, எதிரே ஒரு காட்டு யானையையும் நிறுத்திவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தோட்டாவின் ரவை பென்சில் பருமன்தான். எடை 11 கிராம். மற்றது சுண்டுவிரல் பருமன். எடை 58 கிராம். எதைத் துப்பாக்கியில் போடுவீர்கள்?

"இதென்ன கேள்வி, பெரியதைத்தான்!" என்பீர்கள். ஆப்பிரிக்கக் காடுகளில் திரிந்த வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் பலரும் அப்படித்தான் சொன்னார்கள். மாற்றிச் சொன்னவர்களில் ஒருவர் 1,011 யானைகளைச் சுட்டவர்!

அவர் பெயர் பெல் (1880–1954). ஸ்காட்லாந்துக்காரர். உகாண்டாவில் கரமோஜா என்ற வறண்ட பிரதேசத்தில் தந்தத்துக்காக அலைந்ததால் 'கரமோஜோ' பெல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் சுட்ட யானைகளில் பெரும்பாலானவை 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவுக்கு விழுந்தவை. ஜெர்மானியர்கள் பட்டாளத்துக்காகச் செய்த தோட்டா அது. மனிதனைச் சுடுவதற்கென்று வந்ததைக் கொண்டு யானையைச் சாய்த்தார் பெல். அதையே இங்கிலாந்தின் ரிக்பி கம்பெனி '.275' என்று பெயர் சூட்டி விற்றது.

எப்படி முடிந்தது என்கிறீர்களா? யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார் மனிதர். அவ்வளவு பெரிய தலையில் முக்கால்வாசி, தேன்கூடு போல் ஓட்டையான எலும்பு. மூளையோ ஒரு ரொட்டி அளவு. முன்னாலிருந்து பார்த்தால் அது எங்கே இருக்கும், பக்கவாட்டில் எங்கே, பின்னால் கோணலாக நின்று சுட்டால் எங்கே என்று படம் வரைந்து மனப்பாடம் செய்தார். மெல்லிய நீண்ட ரவை, அதுவும் முழுக்க உலோக உறை போட்டது, வளையாமல் நேரே துளைத்துக்கொண்டு போகும். துப்பாக்கியும் லேசானது. நாளெல்லாம் நடந்தாலும் கை நடுங்காது. சுட்டால் தோளையும் இடிக்காது.

"பெல்லுக்குச் சரி, எல்லாருக்கும் வருமா?" என்று எதிர்க்கட்சி பேசியவர்களில் முக்கியமானவர் ஜான் டெய்லர் (1904–1969) என்ற அயர்லாந்துக்காரர். 1948-இல் ஆப்பிரிக்காவுக்கான துப்பாக்கிகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகமே எழுதினார். குறி மயிரிழை தவறி ரவை மூளைக்குப் பக்கத்தில் போனால், யானை மயங்கி விழுமா, அல்லது உங்கள் மேல் பாயுமா? அதுதான் அவர் கவலை. ரவையின் எடை, வேகம், பருமன் மூன்றையும் பெருக்கி ஒரு கணக்குப் போட்டார். பெல்லின் சின்ன ரவைக்கு 16 தேறும்; .375-க்கு 40; .470-க்கு 70, அந்த 58 கிராம்.600-க்கு 150! (இந்த எண்கள் அங்குலக் கணக்கு. .500 என்றால் அரை அங்குலம்.) ஆனாலும் எல்லா வேலைக்கும் ஒரே துப்பாக்கி என்றால் .375 போதும் என்பதே டெய்லரின் தீர்ப்பு.

குறி தவறும்போது முன்னால் நிற்பவர் யார்? தடம் பார்த்து முதலில் போகும் ஆப்பிரிக்கத் தொழிலாளி. துரையின் இரண்டாவது துப்பாக்கியைச் சுமப்பவர். அவர்கள் உயிர் எந்தக் கணக்கில் சேர்ந்ததோ! எனக்கென்னவோ டெய்லர் பக்கம் மனம் சாய்வது அவர்களை நினைத்துத்தான்.

வெயிலும் இந்த வழக்கில் ஒரு கட்சிக்காரர். அந்தக் கால இங்கிலீஷ் தோட்டாக்களில் இருந்த மருந்து 'கார்டைட்'. நூல் நூலாக இருக்கும். வெப்ப நாடுகளில் தோட்டா சூடேறிவிட்டால் மருந்தின் அழுத்தம் அதிகமாகி, வெற்றுக்கூடு குழாயிலேயே இறுகிக்கொள்ளும். எதிரே மிருகம் நிற்க, கூட்டைப் பிடுங்க முடியாமல் தவிப்பதை நினைத்துப் பாருங்கள்! அதனால்தான் தோட்டாக்கூட்டைப் பெரிதாகச் செய்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்தும் அடைத்தார்கள்.

1898-இல் ரிக்பி கொண்டுவந்த .450 நல்ல பெயர் எடுத்தது. ஆனால் பழைய பட்டாளத் துப்பாக்கிகளும் அதே பருமன். ரவை கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று பயந்து, இந்தியாவிலும் சூடானிலும் அரசாங்கம் அதைத் தடுத்துவிட்டது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? .465, .470, .475 என்று இரண்டு மயிரிழை கூட்டி விற்றன!

இந்த இரட்டைக்குழல் துப்பாக்கிகள் சீமான்களுக்கு. ஆப்பிரிக்காவில் நிலம் உழப் போன சாதாரண ஜெர்மானியனுக்காக, பெர்லின் துப்பாக்கித் தொழிலாளி ஓட்டோ பாக் 1905-இல் 9.3 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றைச் செய்தார். விலை குறைந்த மௌசரிலேயே போட்டுச் சுடலாம். ஆரவாரமில்லாமல் இன்றுவரை விற்கிறது.

தவறிய குண்டு என்ன செய்யும் என்பதற்குக் குமாவுன் மலைகளில் ஒரு சாட்சி உண்டு. நேப்பாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியை 1907-இல் ஜிம் கார்பெட் சுட்டார். வாயைத் திறந்து பார்த்தால், வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்டு, கொல்லாமல் விட்ட குண்டின் வேலை. மானைப் பிடிக்க முடியாத புலி, புல்லறுக்க வந்த பெண்களைப் பிடித்தது.

அந்தப் புலியைக் கொன்றதற்கு மாகாண கவர்னர் கார்பெட்டுக்குப் பரிசளித்தது, பெல்லுக்குப் பிடித்த அதே .275 ரிக்பி. 125 பேரைத் தின்ற ருத்ரபிரயாகைச் சிறுத்தைக்காக 1926 மே மாதம் ஓர் இரவு, ஆட்டைக் கட்டிவைத்து மாமரத்தில் அதனுடன் காத்திருந்தார். துப்பாக்கியில் கட்டிய டார்ச் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. அதற்குள் ஒரே குண்டு. விடிந்து போய்ப் பார்த்தபோது கிழச் சிறுத்தை சற்றுத் தள்ளிச் செத்துக் கிடந்தது. 2015-இல் ரிக்பி கம்பெனியே அந்தத் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டது.