மலையேற்றத்தில் வல்லவர் யார்?

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குத் துவிச்சக்கரவண்டியில் ஏறிவந்த மாணவன் தன்னை மலைவீரன் என்று எண்ணிக்கொள்வது இயல்பே. உயர வேறுபாடு ஏறத்தாழ 550 மீற்றர். பாதையின் நீளமோ சுமார் 30 கிலோமீற்றர். சராசரியாக நூறு மீற்றருக்கு இரண்டு மீற்றர்தான் ஏற்றம். 1924இல் பதுளையை அடைந்த புகையிரதப் பாதையும் 44க்கு ஒன்று என்னும் சரிவை மிஞ்சாதிருக்கவே தெமோதரையில் வளைந்து தன் அடியிலேயே நுழைந்து செல்கின்றது.

இத்தகைய மென்சரிவில் வண்டியோட்டிக்கு முதற்பகை காற்று. முன்செல்பவர் காற்றைக் கிழிக்க, பின்வருபவர் அவர் மறைவில் ஒதுங்கிவிடுவார். பருத்தவரும் மெலிந்தவரும் சேர்ந்தே வந்துவிடலாம். சரிவு நூற்றுக்கு எட்டு, ஒன்பது எனக் கடுத்ததும் வேகம் குறைகிறது, காற்றின் தடை தளர்கிறது, புவியீர்ப்பே எதிர்நிற்கிறது. அங்கே பேசுவது வலிமையன்று. வலிமையை உடல் நிறையால் வகுத்துப் பெறும் ஈவு.

ஆகவே வீரர் இருவரை ஒப்பிட, அவர்களைத் தனித்தனியே ஒரே மலையில் ஏறவிடுதல் வேண்டும். 1958ஆம் ஆண்டுப் பிரான்சுச் சுற்றோட்டத்தில் அவ்வாய்ப்பு நேர்ந்தது. மோன் வாந்தூ மலையில் 21.5 கிலோமீற்றர் தூரத்தை லக்சம்பேர்க் வீரர் ஷார்லி கோல் 1 மணி 2 நிமிடம் 9 விநாடியில் ஏறினார். ஸ்பானியரான பாகமோந்தேஸ் 31 விநாடி பிந்தினார். ஆயினும் அவ்வாண்டு மலைவேந்தர் பட்டம் பாகமோந்தேசுக்கே! சிகரங்களை முந்திக் கடப்போருக்குப் புள்ளி வழங்கும் பட்டம் அது. எவ்வளவு நேரத்தால் முந்தினார் என்று அது கேட்பதில்லை. என் தராசில் கோலின் தட்டே தாழ்கிறது.

காலங்கடந்த ஒப்பீடு இன்னும் சிக்கலானது. அல்ப் துயேஸ் மலையை 1952இல் கோப்பி 45 நிமிடம் 22 விநாடியில் ஏறினார் என்பர். 1997இல் பந்தானிக்கு 37 நிமிடம் 35 விநாடி போதுமாயிற்று. இடையில் வண்டி மாறியது, பாதை மாறியது, மருந்தும் புகுந்தது. 1999இல் இரத்தப் பரிசோதனை ஒன்றின் பின் பந்தானி இத்தாலியச் சுற்றோட்டத்தினின்று நீக்கப்பட்டார். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துத் தீர்ப்புக் கூறுவார்க்குத் துணிவு மிகுதி.

நிறையின் பெருமையை அறிந்தே, பந்தய வண்டி 6.8 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்று 2000ஆம் ஆண்டு முதல் சர்வதேச விதி வகுத்துள்ளனர். மழை நாளில் ஊவாத் தோட்டத்துக் கொழுந்துக் கூடை அதனினும் கனப்பதுண்டு. அதைச் சுமந்து பெண்கள் ஏறும் ஒற்றையடிப் பாதைகள் பல, பண்டாரவளை வீதியினும் மிகச் செங்குத்தானவை. நிறுவையில் அவர்கள் பெயருக்கு எதிரே எழுதப்படுவது கொழுந்தின் நிறை மட்டுமே.