வேளாண் பட்டதாரியிடம் நிறுவனங்கள் எதிர்பார்ப்பது என்ன?

நிலத்தை அடகு வைத்துப் பிள்ளைகளை வேளாண்மைக் கல்லூரியில் சேர்த்த விவசாயிகள் பலர், மதிப்பெண் கூடினால் வேலை தானாகக் கிடைக்கும் என எண்ணுகின்றனர். விதை, உர நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுக்குள் நுழையத்தான் மதிப்பெண் உதவும்.

அங்கே சோதிக்கப்படுவது வயலறிவு. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து எவ்வளவு? யூரியாவில் 46 சதம் தழைச்சத்து, ஆகவே 20.7 கிலோ. இதை மனக்கணக்காகவே சொல்ல வேண்டும். நட்ட மூன்றாம் வாரம் நெல்லின் கீழிலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றினால் துத்தநாகக் குறையா, இலைப்புள்ளி நோயா? இளம் இலையின் அடிப்பகுதியில் நடுநரம்பு வெளுத்திருந்தால் பெரும்பாலும் துத்தநாகக் குறையே. இது தெரியாதவர் பரிந்துரைத்தால் விவசாயிக்கு மருந்துச் செலவு வீண். நிறுவனத்தின் பெயரும் கெடும்.

கோபத்துடன் வரும் விவசாயி சொல்வதை முழுதும் கேட்டு, எளிய தமிழில் பதில் கூறும் பொறுமையும் தேவை. கல்லூரியின் கிராமத் தங்கல் திட்டம் இதற்காகவே உள்ளது. சிலர் அதைப் பதிவேடு நிரப்பும் வேலையாகக் கழித்துவிடுவது வருந்தத்தக்கது.

வங்கி வேளாண் அலுவலர் பணிக்கு எழுத்துத் தேர்வும் உண்டு. பணியில் சேர்ந்தபின் சிட்டா, அடங்கலுடன் வயலையும் பார்த்தே கடனுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

விடுமுறைக்கு வரும் பிள்ளையை, 'படிக்கிற பிள்ளை, சேற்றில் இறங்க வேண்டாம்' எனத் திண்ணையில் உட்கார வைப்பது சரியன்று. கூட்டுறவுச் சங்கத்திற்கு உடன் அழைத்துச் சென்று, கடன் மனுவை எழுதச் சொல்லலாம். ஏக்கருக்கு எத்தனை டேங்க் மருந்து என்ற கணக்கையும் அவரிடமே விடலாம்.