எடை இயந்திரம் காட்டும் கொழுப்பு அளவு... நம்பலாமா?

வெறுங்காலுடன் ஏறி நின்றால் போதும். எடை, கொழுப்பு விழுக்காடு, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு... எல்லாம் சில விநாடியில் கைப்பேசியில் வந்துவிடும்.

உண்மையில் அந்த இயந்திரம் கொழுப்பை அளப்பதில்லை. ஊகித்துச் சொல்கிறது!

எப்படி வேலை செய்கிறது?

⚫ ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மிகச் சிறிய அளவு மின்சாரம் பாயும். 1 மில்லியம்பியருக்கும் குறைவு என்பதால் நமக்குத் தெரியவே தெரியாது.

⚫ தசையில் தண்ணீரும் உப்பும் அதிகம். மின்சாரம் சுலபமாகப் போய்விடும். கொழுப்பில் தண்ணீர் குறைவு. அது மின்சாரத்தைத் தடுக்கும்.

⚫ அந்தத் தடையின் அளவோடு உங்கள் உயரம், எடை, வயது, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து இயந்திரம் கணக்குப் போடும்.

தோலுக்கடியில் உள்ள கொழுப்பைத் தனியாகக் காட்டுமா?

காட்டும். ஆனால் அதுவும் கணக்குதான். பாதம் மட்டும் படும் இயந்திரத்தில் மின்சாரம் பெரும்பாலும் கால்கள், அடிவயிறு வழியாகவே செல்கிறது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பையும் உள்ளுறுப்புகளைச் சுற்றியுள்ள கொழுப்பையும் பிரித்துப் பார்க்க எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் தேவை.

"நேற்றைவிடக் கூடிடுச்சே!"

பதற வேண்டாம். உடலில் தண்ணீர் குறைந்தால் மின்தடை கூடும். கொழுப்பு கூடிவிட்டதாக இயந்திரம் நினைத்துக்கொள்ளும். ஒரே நாளில் எண் ஏறி இறங்குவதற்கு அது முக்கியக் காரணம்.

இந்தியர்கள் ஏன் கவனிக்கவேண்டும்?

பிஎம்ஐ எனும் உடல் எடைக் குறியீடு ஒரே அளவாக இருந்தாலும் ஐரோப்பியரைவிட இந்தியர்களின் உடலில் பொதுவாகக் கொழுப்பு அதிகம். ஓர் இனத்தவரை வைத்து உருவாக்கிய கணக்கு இன்னோர் இனத்தவருக்குச் சரியாகப் பொருந்தாமல் போகலாம்.

சிங்கப்பூரில் பிஎம்ஐ 23ஐ எட்டினாலே கவனம் தேவை என்று சொல்வதும் அதனால்தான். ஒல்லியாகத் தெரிபவர்களுக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு சேரலாம். அது நீரிழிவு, இதய நோய் அபாயத்தைக் கூட்டும்.

என்ன செய்யலாம்?

✅ வாரம் ஒருமுறை, காலையில், சாப்பிடுவதற்கு முன் ஒரே இயந்திரத்தில் பாருங்கள்.

✅ ஒரு நாள் எண்ணை விடுங்கள். சில மாதங்களில் கூடுகிறதா, குறைகிறதா என்று கவனியுங்கள்.

✅ இடுப்புச் சுற்றளவை நாடாவால் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80 செண்டிமீட்டரை எட்டினால் மருத்துவரிடம் பேசுவது நல்லது.

❌ இதயத்தில் பேஸ்மேக்கர் கருவி பொருத்தியவர்கள் இந்த இயந்திரத்தைப் பயன்படுத்தக்கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது.